சுவர் இருந்தால்தான் சித்திரம்

(தருமபுரி இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கப் பெரியவர்களே, ஒலிபெருக்கியை வாடகை வாங்காமல் தந்த தம்பியே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் ஒருவர் இதற்காகவே எழுந்து போய்விட்டார்.

பூதப் படங்களின் சுவரொட்டி நமக்கு எப்படிப் பொருள் சொல்கிறது என்பது தலைப்பு. அளவு, நிறம், எழுத்து என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.

முதலில் அளவு. 1975-இல் வந்த ‘ஜாஸ்’ என்ற ஆங்கிலச் சுறாப் படத்தின் சுவரொட்டி ரோஜர் காஸ்டெல் வரைந்த ஓவியம். மேலே ஒரு பெண் நீந்துகிறாள். விரல் நீளம்தான் இருப்பாள். கீழிருந்து சுறா வாயைப் பிளந்துகொண்டு செங்குத்தாக ஏறி வருகிறது. படத்தில் வரும் சுறா இவ்வளவு பெரிதில்லை. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அங்கேதான் டிக்கெட் விற்கிறது. 1956-இன் ‘ஃபர்பிடன் பிளானட்’ என்ற விண்வெளிப் படத்தின் சுவரொட்டியில் இயந்திர மனிதன் மயங்கிய பெண்ணை ஏந்தி மிரட்டுகிறான். படத்திலோ அவன் சொன்னதைச் செய்யும் பரம சாது. சுவரொட்டிக்குப் பொய் சொல்ல வெட்கம் கிடையாது.

பென்னாகரம் சாலைப் பக்கம் டூரிங் டாக்கீஸ் இருந்த காலத்தில் ராட்சதக் குரங்குப் படம் ஒன்று வந்ததாம். ஒட்டுகிறவர் மைதாப் பசையைத் தாராளமாகப் பூசிச் சந்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். விடிந்ததும் சந்தைக்கு வந்த ஆடுகள் கால், வயிறு, மார்பு என்று எட்டிய மட்டும் தின்றுவிட்டன. ஒரு கிடா முன்னங்காலைச் சுவரில் ஊன்றிக் கையையும் முடித்தது. மிஞ்சியவை கண்ணும் பல்லும். சுவர் இருந்தது, சித்திரம் போயிற்று! கொட்டகைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சந்தையிலோ ஒரே பேச்சு: “சுவரைப் பிய்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறதே, பார்த்தாயா?” அன்றிரவு தரை டிக்கெட்டில் மண் தெரியவில்லை. அடுத்த படத்துக்குக் கொட்டகைக்காரர் ஆட்டுக்காரரைத் தேடிப் போனாராம். என் மாமா சொன்ன கதை. சொல்லும்போதெல்லாம் ஆடுகள் கூடும்.

அடுத்தது நிறம். வேற்றுக்கிரகப் பூதம் வரும் படமான 1979-இன் ‘ஏலியன்’ சுவரொட்டியிலும் பூதம் இல்லை. கறுப்பில் ஒரு முட்டை, அதில் ஒரு வெடிப்பு, கசியும் பச்சை ஒளி. நிறத்துக்கு இது போதும்.

சுவரொட்டி பொய் சொல்லும் இந்த வித்தையை நம் ஊர்ச் சிற்பி கல்லில் செய்துவிட்டான். புலியோடு போராடி மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல்லான புலிகுத்திக் கல்லைப் பாருங்கள். பின்னங்காலில் எழுந்த புலி வீரனுக்குச் சமமாக நிற்கிறது. அவன் ஆயுதம் அதன் உடம்பில் இறங்கியிருக்கிறது. செத்தவன் அவன்தான். கல்லைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்கள் பிழைத்தன. வெளியே கிடப்பவற்றை யார் காப்பது? ஏரிக்கரைக் கல் ஒன்றில் சினிமாச் சுவரொட்டியே ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வீரன் முகத்தின்மேல் கதாநாயகன் முகம். சுவர் இருந்தால்தான் சித்திரம், சரி, சித்திரத்தையே சுவராக்குவதா?

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். எழுத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஊர்தோறும் நடுகற்களைக் கணக்கெடுத்து வேலியும் பலகையும் வைக்கக் கோரும் மனு இடப்புற மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். கையொப்பமிட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனாவை மட்டும் மேசையிலேயே வைத்துவிடுங்கள், ஒன்றுதான் இருக்கிறது.