கேள்வி நேரம்: இரண்டு ஆசு கையில் இருந்தும் தங்கச்சி மகன் ஏன் தோற்றான்?

சரி, அடுத்த கேள்வி. இதை ஒரு கிழமையாக மண்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், அப்படியே வாசிக்கிறேன். "சேர், நிகழ்தகவு வீடியோவில உங்கட தங்கச்சியின்ர மகன் கனடாவில இருந்து லாஸ் வேகாஸ் போய் போக்கர் போட்டியில விளையாடினவர் எண்டு சொன்னீங்கள். கையில இரண்டு ஆசு இருந்தும் தோத்தவர் எண்டும் சொன்னீங்கள். அதைவிட நல்ல கை இல்லையெண்டால் எப்படித் தோத்தவர்? அப்ப எல்லாம் அதிர்ஷ்டம்தானே? அதிர்ஷ்டத்தைத் தொழில் எண்டு எப்படிச் சொல்லலாம்?"

தம்பி, பொல்லாத கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பதில் சொல்ல முன்னர் விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

304 கடதாசி விளையாட்டுத் தெரியும்தானே? வன்னியில் அதை யாருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்! 32 கடதாசி, ஆளுக்கு எட்டு. ஜே 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்தையும் கூட்டினால் 304. பெயர் வந்தது அப்படித்தான். (இனங்களுக்கு இஸ்கோப்பன், கலாவரை என்று நாங்கள் சொல்கிற பெயரெல்லாம் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள், அது வேறு கதை.) முதல் நாலு கடதாசியைப் பார்த்துவிட்டு, மிச்சம் நாலையும் காணாமலே இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். போக்கரும் இதே சாதிதான். 52 கடதாசியில் ஆளுக்கு இரண்டு, மறைவாக. பிறகு நடுவில் ஐந்து விரியும், அது எல்லாருக்கும் பொது. மொத்தம் ஏழில் திறமான ஐந்து யாரிடம் என்பதுதான் கணக்கு. இடையிடையே சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள், கட்ட வேண்டும்.

ஒரேயொரு பெரிய வித்தியாசம். 304 இல் கை கெட்டுப்போனாலும் எட்டுக் கடதாசியையும் விளையாடித்தான் தீர வேண்டும். போக்கரில் "எனக்கு வேண்டாம்" என்று கடதாசியைப் போட்டுவிட்டு விலகலாம். இதை ஞாபகம் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

என் தங்கச்சி மகன் விளையாடியது 2024 இல், உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டி. 1970 இல் இருந்து நடக்கிற தொடர். நுழைவுப் பணம் 10,000 டொலர். அந்த வருடம் 10,112 பேர் கட்டினார்கள். முதல் பரிசு ஒரு கோடி டொலர். ஆனால் காசு கிடைப்பது 1,517 பேருக்கு மட்டும், மற்ற எல்லாரும் வெறுங்கை. மேசையில் வந்து இருக்கும்போது ஆளுக்கு 60,000 சிப்ஸ் தருவார்கள். அது காசில்லை, வெளியே கொண்டுபோனால் பிளேன்ரீ கூடக் குடிக்க ஏலாது. அது தீர்ந்தால் ஆள் வெளியே, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கை. அவனிடம் இரண்டு ஆசு. எதிரில் இருந்தவரிடம் இரண்டு ராசா. நடுவில் ஒன்றும் விரிய முன்னரே இரண்டு பேரும் இருந்த சிப்ஸ் முழுவதையும் தள்ளிவிட்டார்கள். கடதாசியைத் திருப்பிக் காட்டியாயிற்று. கொப்பியை எடுங்கள். நாலு கடதாசி தெரிகிறது, மிச்சம் 48. அதில் ராசா இரண்டு. எதிராளிக்கு மூன்றாவது ராசா சேர்ந்தால் இவனுடைய இரண்டு ஆசும் தோற்கும். ஐந்து கடதாசி விரியும்போது அதில் ஒரு ராசாவாவது வருவதற்கு 20 சதவீதம். கூடவே ஒரு ஆசும் வந்து காப்பாற்றுகிற சந்தர்ப்பங்களைக் கழித்தால் எதிராளிக்கு ஏறக்குறைய 18. ஆக அவனுக்கு 82. ஐந்தாவது கடதாசி ராசா. கதை முடிந்தது.

82 என்றால் நூறு இல்லை, தம்பி. இப்படியான கை ஐந்து தரம் வந்து, ஐந்து தரமும் தப்ப வேண்டுமென்றால் 0.82 ஐ ஐந்து தரம் பெருக்குங்கள். 37 சதவீதம். அதாவது ஒரு பிழையும் விடாத மனிசன் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட எங்கேயோ ஓரிடத்தில் விழுந்துவிடுவான்.

"அப்ப அதிர்ஷ்டம்தானே" என்பீர்கள். பழைய ஆட்களுக்கு நான் எங்கே வரப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஓம், விடைக்கு ஒரு புள்ளி, வழிக்கு மூன்று புள்ளி. எத்தனை வருடம் சோதனைத் தாள் திருத்தினேன்! பக்கத்து மேசையைப் பார்த்து விடையை மட்டும் எழுதியவனுக்கு ஒரு புள்ளி. வழியெல்லாம் சரியாகப் போட்டு, கடைசிக் கூட்டலில் 7 ஐ 1 என்று வாசித்துவிட்ட பிள்ளைக்கு மூன்று. அழுதுகொண்டு வருங்கள், மூன்று புள்ளி தந்து அனுப்புவேன்.

என் தங்கச்சி மகன் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது காட்டினான். விளையாடிய பெரிய கைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. இரவு அறைக்குப் போய்ப் படுக்க முன்னர் ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை போடுவானாம். அந்த ஆசுக் கைக்குப் பெரிய சரி. அதற்கு முந்தின நாள் ஒரு கை, 90,000 சிப்ஸ் வென்றிருக்கிறான். அதற்குச் சிவப்பில் பிழை. "வென்றுதானே இருக்கிறாய்" என்று கேட்டேன். "இல்லை மாமா, அதில நான் கட்டியிருக்கவே கூடாது. வந்தது வந்திட்டுது" என்றான். தம்பி, தொழிலா என்று கேட்டீர்களே, தொழில் அந்தச் சிவப்புப் பேனைக்குள்தான் இருக்கிறது.

எங்கட ஊர்க் கதை ஒன்று. முன்னரும் சொல்லியிருக்கிறேன், பரவாயில்லை, திரும்பச் சொல்கிறேன். 2018 மார்கழி வெள்ளம் ஞாபகம் இருக்கும்தானே? இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் தண்ணீர். எங்கட பக்கத்தில் நேரத்துக்கு விதைத்து, பசளை போட்டு, வரம்பு கட்டி, எல்லாம் முறைப்படி செய்தவரின் காலபோகம் முழுவதும் போய்விட்டது. இன்னொருவர் விதைநெல்லுக்குக் காசில்லாமல் பாதி வயலைச் சும்மா விட்டிருந்தார். நட்டம் பாதி. அடுத்த வருடம் பார்த்தால் ஆட்கள் அவரிடம் போய் யோசனை கேட்கிறார்கள், "அண்ணை, நீங்கள் எப்படி முன்னமே கண்டுபிடிச்சனீங்கள்?" என்று! அவரும் நாலு தரம் மறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் தரம் தாடியைத் தடவிக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

போக்கரிலும் இப்படியொருவர் உலகத்தையே கிளப்பினார். 2003 இல் அதே போட்டியில் 839 பேர். வென்றவர் டெனசியில் கணக்காளராக இருந்த ஒரு மனிதர், இணையத்தில் சின்னத் தொகை கட்டித் தகுதி பெற்று வந்தவர். 25 இலட்சம் டொலர். அவருடைய குடும்பப் பெயரே மணிமேக்கர், அதாவது காசு உழைக்கிறவர், நான் சும்மா சொல்லவில்லை. அடுத்த வருடம் 2,576 பேர் வந்தார்கள். எல்லாரும் அவருடைய விடையைத்தான் பார்த்தார்கள்.

இப்போது நான் ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது இல்லை. அவன் அத்தனை நாளும் அங்கே இருந்து என்ன செய்தான் என்று கேட்டிருக்க வேண்டும்.

சும்மா இருந்தான்! ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலப்படி ஐந்து சுற்று, பத்து மணித்தியாலம். கடதாசியைக் கையால் கலைத்துப் போடுவதால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய முப்பது கை. அப்போ நாளைக்கு முந்நூறு. இரண்டு ஆசு வருவது 221 இல் ஒரு தரம், ஆக நாளுக்கு ஒன்றரைத் தரம் கூட இல்லை. நாலு கையில் மூன்று கையைப் பார்த்துப் பார்த்துப் போட்டுவிடுகிறான். விலகலாம் என்று சொன்னேனே, அதுதான். ஆனால் ஒரேயடியாகச் சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். பிளைண்ட் என்று ஒன்று இருக்கிறது. கடதாசி பார்க்க முன்னரே முறைப்படி இரண்டு பேர் கட்ட வேண்டிய கட்டாயத் தொகை. 100, 200 என்று தொடங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறும். குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பது மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் குளம் வற்றிவிடும், அவசரப்பட்டால் பயிர் கருகும்.

அந்த மண்டபத்தின் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். ஆயிரக்கணக்கான ஆட்கள் விரலுக்குள் சிப்ஸை உருட்டிக்கொண்டே இருப்பார்களாம். "மாமா, மாரியில குளக்கட்டுக்குப் பின்னால சில்வண்டு கத்துமே, அதேதான்" என்றான். சின்னப் பிள்ளையாக இங்கிருந்து வெளிக்கிட்டவன், அது மட்டும் மறக்கவில்லை.

எனக்கு எங்கட பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. யானைக் காவலுக்குக் கொட்டிலில் இருக்கும்போது அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் 304. அவர் தன் கடதாசியை ஒருதரம்தான் பார்ப்பார். பிறகு மற்றவர்களின் முகத்தைக்கூட இல்லை, கையைப் பார்ப்பார். கடைசி நாலு கடதாசி வந்ததும் யார் எதை எங்கே செருகுகிறான் என்று. இதைச் சொன்னபோது மருமகன் எழும்பி நின்றுவிட்டான். "நானும் அதைத்தான் மாமா பார்க்கிறனான்!"

பரிசு எல்லைதான் ஆகக் கொடுமையான இடமாம். இன்னும் ஒரேயொருவர் வெளியே போனால் மிச்சம் எல்லாருக்கும் காசு என்கிற கட்டத்தில் எல்லா மேசையையும் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொரு கையாகப் போடுவார்கள். ஒரு மேசை முடித்தால் மற்ற மேசைகள் முடியும் வரை காத்திருக்க வேண்டும். இவனுக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர், ஏழெட்டுச் சிப்ஸ்தான் மிச்சம், கடதாசியைத் தூக்கிப் பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தாராம். பார்த்தால் ஆசை வந்துவிடுமென்று பயம். எல்லை தாண்டியதும் இவனைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்.

ஆசுக் கை அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள். அதனால் வெறுங்கை இல்லை, ஆகக் குறைந்த பரிசு, 15,000 டொலர். ஊரில் "கோடீஸ்வரன் வந்திட்டான்" என்று கதை. கணக்கைப் பாருங்கள். நுழைவுப் பணத்தில் பாதியைக் கூட்டாளிகளுக்குப் பங்காக விற்றிருந்தான், இந்தத் தொழிலில் அது வழமை. அப்போ அவன் கட்டியது 5,000, வந்தது 7,500. மிச்சம் 2,500. விமானச் சீட்டு, பத்து நாள் அறை, சாப்பாடு எல்லாம் அதற்குள். தங்கச்சிக்கு ஒரு சீலை வாங்கிவந்தான், அதுவும் ரொறன்ரோவில் வாங்கியது.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நித்திரை வராது. கொப்பியில் அந்தப் பரிசு எல்லை நேரத்தில் ஒரு கை. இவனிடம் இரண்டு பத்து. சிப்ஸ் மலைமாதிரி வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் தள்ளுகிறார். இவன் போட்டுவிட்டான், பக்கத்தில் சரி என்று எழுதியிருக்கிறான். நான் பேனையை எடுத்துப் பிழை போட்டேன். இரண்டு பத்து நல்ல கை, அந்த ஆள் எல்லாரையும் வெருட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவனே எழுதியிருக்கிறான், பிறகென்ன பயம்? அவன் விடவில்லை. "மாமா, அந்த நேரத்தில வெல்லுற சிப்பும் இழக்கிற சிப்பும் ஒரே பெறுமதி இல்லை. இழக்கிறதுதான் கனம்." விறாந்தையில் இரவு பதினொரு மணி வரை இதே சண்டை. கடைசியில் தங்கச்சி வந்து, "பொங்கலுக்கு வந்த பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ அண்ணை" என்று கொப்பியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னும் நான் போட்ட பிழையை அழிக்கவில்லை. அந்தக் கையை அடுத்த கிழமை பலகையில் போடுகிறேன், நீங்களே திருத்துங்கள். சரி, அடுத்த கேள்வி மாங்குளத்தில் இருந்து, பின்னங்களைப் பற்றி.