வானத்தில் ஒரு மாடிவீடு: உட்லண்ட்ஸில் மேசொனெட் வாங்குமுன்

[காட்சி: பழைய புளோக் ஒன்றின் நடைபாதை. கதவு திறக்கிறது. உள்ளே மரப் படிக்கட்டு.]

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், பதினோராவது மாடியில் ஒரு வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். உள்ளே மேலே ஏறிப்போக ஒரு படிக்கட்டு. கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறைகள். ஊரில் தாத்தா கட்டிய மாடிவீடு ஞாபகம் வந்துவிடும். என் மனைவி அந்தப் படிக்கட்டைப் பார்த்த அடுத்த நிமிடமே தீபாவளி விளக்கு எங்கே வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இதன் பெயர் எக்சிகியூட்டிவ் மேசொனெட். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, கட்டியது. பெரும்பாலும் 140 சதுர மீட்டருக்கு மேல். இப்போது கட்டுவதில்லை, மறுவிற்பனையில்தான் கிடைக்கும். தனியார் வரிசை வீடு பல மில்லியன் வெள்ளி கேட்கும் ஊரில், சம்பளக்காரக் குடும்பத்துக்கு மாடிவீடு என்றால் நடைமுறையில் இதுதான். விளம்பரத்தில் 'எக்சிகியூட்டிவ் அபார்ட்மெண்ட்' என்று இருந்தால் அது வேறு, அதில் படிக்கட்டு இருக்காது.

[காட்சி: திரையில் எண்கள். 1988 + 99 = 2087]

விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் குத்தகை. வீவக வீடு 99 ஆண்டுக்கு மட்டுமே நம்முடையது.

1988இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2087இல் முடிகிறது. 2026இல் வாங்கினால் மிச்சம் 61 ஆண்டு. 'அதுவரை நானா இருக்கப்போகிறேன்' என்று சிரிக்கலாம். ஆனால் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேரும் மத்திய சேமநிதிப் பணத்தை முழு அளவில் எடுக்க வேண்டுமானால், வாங்குவோரில் இளையவர் 95 வயதை எட்டும்வரை குத்தகை ஓட வேண்டும். கணவருக்கு 36, மனைவிக்கு 32 என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குக் கணக்கு சரி. மனைவிக்கு 32உம் 61உம் 93. இரண்டு ஆண்டு உதைக்கிறது. அதற்கேற்ப சேமநிதியில் எடுக்கும் தொகையும் குறையும், வீவக தரும் கடனும் குறையும். துண்டு விழுவதைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வயது குறையக் குறைய சிக்கல் கூடுகிறது, கவனித்தீர்களா? பழைய வீடு 40 வயதுக்காரருக்குப் பொருந்தும் அளவு 28 வயதுக்காரருக்குப் பொருந்தாது.

[காட்சி: உட்லண்ட்ஸ் புளோக்குகள், மேலிருந்து.]

அடுத்தது நமக்கே உரிய விஷயம், இன ஒதுக்கீடு. 1989இல் வந்த கொள்கை. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு வரை இருக்கலாம். அந்த அளவு நிரம்பிவிட்டால், சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை நாம் வாங்க முடியாது. எனக்கு நடந்தது இதுதான். இரண்டு முறை வீட்டைப் பார்த்து, விலை பேசி, சோபா அளவுகூட எடுத்த பிறகுதான் ஒதுக்கீடு நிரம்பியது தெரிந்தது. முகவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வீவக இணையத்தளத்தில் ஐந்து நிமிட வேலை அது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் நிலவரம் மாறும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில், நாம் விற்கும்போது சீனருக்கு விற்க முடியாது. கேட்க வருபவர்கள் குறைவு, விலையும் இறங்கும். பக்கத்து புளோக்கைவிட ஒரு இந்தியக் குடும்பத்தின் வீடு மலிவாக இருக்கிறதே என்று குதிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். வாங்கும்போது லாபமாகத் தெரிவது விற்கும்போது நம் தலையில் விழும். 10 ஆண்டு வைத்திருந்தும் விற்க முடியாமல் தவிப்பவர்கள் வீவகவையே வாங்கிக்கொள்ளும்படி கேட்க 2022 முதல் வழி இருக்கிறது. அதை நம்பி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நிரந்தரவாசிகளுக்கு, மலேசியர் நீங்கலாக, தனி ஒதுக்கீடும் உண்டு.

[காட்சி: சமையலறை மேசை, கால்குலேட்டர்.]

சரி, பணம். கணக்குக்காக, விற்பவர் 840,000 வெள்ளி கேட்கிறார். வீவக மதிப்பீடு 800,000. இடையில் உள்ள 40,000 முழுக்க ரொக்கம், சேமநிதியைத் தொட முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், விலை பேசி, விற்பவரிடம் வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெற்ற பிறகுதான் மதிப்பீட்டுக்கே விண்ணப்பிக்க முடியும். பத்திரம் கையில் வந்த அடுத்த வேலைநாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முன்பணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி. வாங்குவதா என்று முடிவெடுக்க 21 நாள் அவகாசம். மதிப்பீடு மிகக் குறைவாக வந்தால் அந்த ஆயிரத்தை விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். நாற்பதாயிரத்தைவிட ஆயிரம் சின்னது. அதனால் அதே புளோக்கில் அண்மையில் போன விலைகளை வீவக தளத்தில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

வீவக கடன் மதிப்பில் அதிகபட்சம் 75 விழுக்காடு, அதாவது 600,000. வட்டி 2.6 விழுக்காடு. 25 ஆண்டுக்கு மாதம் ஏறத்தாழ 2,720 வெள்ளி. தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, இதை மட்டும் வீவக 3 விழுக்காடு வட்டியில் கணக்கிடும், ஆகவே குடும்ப வருமானம் 9,500 அளவுக்காவது வேண்டும். முத்திரைத் தீர்வை 19,800. முதல் வீடு வாங்கும் குடிமக்கள் தம்பதிக்கு, தகுதி இருந்தால், இந்த அளவு வீட்டுக்கு 50,000 மானியம். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் என்றால் இன்னும் 20,000, அவர்களோடு சேர்ந்து வசித்தால் 30,000.

அம்மா அப்பா கூட வருவதானால், படுக்கையறைகள் மேலே என்பதை மறக்காதீர்கள். முட்டி வலிக்காரருக்கு அழகான படிக்கட்டும் படிக்கட்டுதான். கழிப்பறைக் கூரையில் காங்கிரீட் உதிர்ந்த தடம் இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

[காட்சி: உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையம், காலை நெரிசல்.]

கடைசியாக, பயணம். உட்லண்ட்ஸில் வடக்கு-தெற்கு பாதையோடு தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையும் இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போக ஸ்டீவன்ஸில் டௌன்டவுன் பாதைக்கு மாறினால் இரண்டே நிறுத்தம். ஆனால் 'எம்ஆர்டி அருகில்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பல மேசொனெட் புளோக்குகளிலிருந்து நிலையத்துக்கு முதலில் பேருந்து பிடிக்க வேண்டும். நான் இப்போது எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும், ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அதன் மின்தூக்கி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன். போன வாரம் பார்த்த வீட்டிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. மனைவி இன்னும் அந்த விளக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.