தந்திக்குள் ஒரு தந்தி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புத் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"துப்பறியும் தொடர் காலம் கடந்து நிற்பது கதையாலா, இசையாலா?" இதுதான் இன்றைய தலைப்பு. இசையால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்பு பேசிய எதிரணிச் சகோதரி மூன்று கருத்துகளை வைத்தார். கொலை செய்தவர் யார் என்ற கேள்விதான் நம்மை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்கிறது என்றார். இசை தோசைக்குச் சட்னி போன்றது, தோசை இல்லாமல் சட்னியை மட்டும் யார் சாப்பிடுவார் என்றார். தனக்கென்று முகப்பு இசையே இல்லாத 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர் உலகப்புகழ் பெறவில்லையா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் டூட்டிங்குக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பஸ் எண்களோடும் பால் விலையோடும் முடிந்துவிடும். அந்த நாட்களில் ஐடிவி தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஆக்ஸ்போர்டு நகரம், சிவப்பு நிறப் பழைய ஜாகுவார் கார், நரைத்த தலையோடு ஒரு காவல் அதிகாரி. 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்'. அதன் முகப்பு இசை தொடங்கியதும் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். ஒரு அத்தியாயம் விளம்பரங்களோடு சேர்த்து இரண்டு மணி நேரம். அத்தனை நேரமும் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பார்ப்பார். முடிந்ததும் ஒருநாள் கேட்டேன்: "அம்மா, கொலை செய்தது யார் என்று விளங்கியதா?" அம்மா சொன்னார்: "அது எனக்கு எப்படி விளங்கும்? ஆனால் அந்த மனிதருக்கு வீட்டில் யாருமே இல்லை. அது விளங்கியது."

நடுவர் அவர்களே, மோர்ஸின் தனிமையைப் பற்றித் திரையில் பேசப்பட்ட ஒரு வசனமும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. அதை அவருக்குச் சொன்னது அந்த இசை. அதை அமைத்தவர் பேரிங்டன் ஃபெலங். சிட்னியில் பிறந்து, லண்டனுக்கு இசை படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். கடல் கடந்து வந்த ஒருவர் எழுதிய இசையைக் கடல் கடந்து வந்த இன்னொருவர் கதவு நிலையில் நின்று புரிந்துகொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அந்த இசை எப்படிக் கட்டப்பட்டது என்பதை இந்த அவைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

தந்தி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. வீணையில் கட்டியிருப்பதும் தந்தி. தபால் அலுவலகத்திலிருந்து வந்ததும் தந்தி. அந்தக் காலத்தில் இரண்டாவது தந்தி வாசலுக்கு வந்தால் நம் வீடுகளில் பிரித்துப் படிக்கும் முன்பே அழுகைச் சத்தம் கேட்கும். சாவுச் செய்தியைச் சுமந்து வருவது அதுதான் என்று பழகியிருந்தோம். ஃபெலங் செய்தது என்ன தெரியுமா? முதல் தந்திக்குள் இரண்டாவது தந்தியை வைத்தார். வயலின்களும் செல்லோக்களும் உருக்கமாக ஒலிக்கும் அந்த மெட்டுக்குள்ளே, தந்தி அலுவலகத்தின் மோர்ஸ் குறியீட்டில், கதாநாயகனின் பெயரைத் தாளமாகத் தட்டி வைத்தார்.

மோர்ஸ் குறியீடு என்றால் பயப்பட வேண்டாம். நமக்கு அது அரிச்சுவடிப் பாடம்தான். குறிலும் நெடிலும், அவ்வளவுதான். நம் இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, தந்திக்காரர் கணக்கில் மூன்று. மற்றபடி சங்கதி ஒன்றே. எம் என்ற எழுத்துக்கு நெடில், நெடில். ஓ என்பதற்கு நெடில், நெடில், நெடில். ஆர் என்பதற்குக் குறில், நெடில், குறில். எஸ் என்பதற்கு மூன்று குறில். கடைசி எழுத்தான இ என்பதற்கு ஒரே ஒரு குறில். சேர்த்துத் தட்டிப் பாருங்கள். ஐந்து நெடில்கள் நிதானமாக நடந்து வருகின்றன. பிறகு நடை தடுமாறுகிறது. குறில்கள் பொலபொலவென்று விழுகின்றன. கடைசியில் ஒற்றைக் குறிலோடு எல்லாம் நின்றுபோகிறது. தளராமல் நடந்து வந்த ஒருவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல எனக்குக் கேட்கிறது. மோர்ஸின் முடிவு எப்படி அமைந்தது என்று அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இத்தனைக்கும் அந்த அதிகாரியின் பெயர் தந்தியிலிருந்து வந்ததே அல்ல. கதைகளை எழுதிய காலின் டெக்ஸ்டர் குறுக்கெழுத்துப் புதிர்களில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அதே துறையில் கெட்டிக்காரராக இருந்த ஜெரமி மோர்ஸ் என்ற வங்கித் தலைவரின் பெயரைத்தான் தம் நாயகனுக்குச் சூட்டினார். அந்தப் பெயருக்குள் தந்திக் கருவியின் ஒலி இருக்கிறது என்பதை அத்தொடரின் இசையாக மாற்றிக் காட்டியவர் ஃபெலங்.

இனி எதிரணியின் முதல் கேள்விக்கு வருகிறேன். கொலை செய்தவர் யார் என்பதுதான் தொடரின் உயிர் என்றார் சகோதரி. ஒப்புக்கொள்கிறேன். அந்த உயிரை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று சொல்லட்டுமா? சில அத்தியாயங்களின் பின்னணி இசையில் கொலையாளியின் பெயரையே இதே குறியீட்டில் ஃபெலங் தட்டி வைத்தார். அதோடும் விடவில்லை. கொலைக்குச் சம்பந்தமில்லாத வேறொருவர் பெயரைத் தட்டி, கவனித்துக் கேட்பவர்களைத் திசை திருப்பியும் இருக்கிறார். சாதாரணக் காதுக்கு அது பிடிபடாது. எனக்கு ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் மோர்ஸ் தவறான ஆளைச் சந்தேகித்துக்கொண்டு ஆக்ஸ்போர்டு வீதிகளில் அலைந்துகொண்டிருக்கிறார். அவருடைய உதவியாளர் சார்ஜண்ட் லூயிஸ் வீடு வீடாக விசாரிக்கிறார். விடையோ நமக்கு முன்னால் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கதை தன் ரகசியத்தை நம்பிக் கொடுத்து வைத்த இடம் இசை!

இரண்டாவது, சட்னி. சட்னி தட்டின் ஓரத்தில் இருக்கும். பிடிக்காதவர் ஒதுக்கிவிடலாம். மாவில் ஊறிய புளிப்பை ஒதுக்க முடியுமா, சகோதரி? இந்தத் தொடரில் இசை மாவுக்குள் இருக்கிறது. சான்று வேண்டுமென்றால் மூல நாவல்களையும் தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா கார். தொலைக்காட்சி அதை ஜாகுவாராக மாற்றியது. நாவலில் லூயிஸ் வேல்ஸ் நாட்டவர், மோர்ஸைவிட மூத்தவர். தொலைக்காட்சியிலோ கெவின் வேட்லி நடித்த லூயிஸ் இங்கிலாந்தின் வடகிழக்கைச் சேர்ந்த இளைஞர். காரை மாற்றினார்கள், வயதை மாற்றினார்கள், ஊரை மாற்றினார்கள். மோர்ஸின் இசைப் பித்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஐரோப்பிய இசை மேதைகளான வாக்னரும் மொஸார்ட்டும் அவர் வீட்டில் ஒலித்துக்கொண்டே இருந்தார்கள்.

கை வைக்காதது மட்டுமல்ல, கூட்டவும் செய்தார்கள். 1987 ஜனவரி 6 அன்று ஒளிபரப்பான முதல் அத்தியாயத்துக்குத் திரைக்கதை எழுதியவர் ஆன்டனி மிங்கெல்லா. நாவலில் மோர்ஸ் ஒரு பெண்ணை விருந்தொன்றில் சந்திக்கிறார். தொலைக்காட்சியில் இருவருக்கும் பழக்கம் ஏற்படுவது பாடகர் குழுவில். சேர்ந்து பாடுகிறார்கள். பிறகு அவள் இறந்து கிடக்கிறாள். ஒரே குழுவில் சேர்ந்து பாடியவளின் சாவு என்பதால்தான் அந்த வழக்கு அவரை அப்படி உலுக்குகிறது. 1990இல் வந்த ஓர் அத்தியாயத்தில் மொஸார்ட்டின் 'மாயக் குழல்' இசை நாடக ஒத்திகைக்கு நடுவே கொலை நடக்கிறது, மோர்ஸ் மீதே சந்தேகம் விழுகிறது. 1993இல் வந்ததில் வாக்னர் பாடல்களுக்குப் பேர்போன பாடகி ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் கௌரவப் பட்டம் பெறப் போகும் ஊர்வலத்தில் சுடப்படுகிறாள். இந்தக் கதைகளிலிருந்து இசையை உருவிவிட்டால் என்ன மிஞ்சும்? ஓர் அறை, ஒரு பிணம், ஒரு விசாரணை. அப்படிப்பட்ட தொடர்கள் ஆயிரம் வந்தன, போயின.

கொலம்போவைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடருக்கெனத் தனி முகப்பு இசை இல்லை என்பது உண்மை. ஆனால் 1971இலிருந்து அது என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் மர்மப்பட வரிசையில் ஒன்றாக வந்தது. இருட்டில் ஒருவர் கைவிளக்கோடு நடந்து வருவார், பின்னால் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியின் மெட்டு ஒலிக்கும். அந்த வாசல் வழியாகத்தான் கொலம்போ வீட்டுக்குள் வந்தார். வந்த பிறகும் சும்மா இருந்தாரா? அந்த வேடத்தில் நடித்த பீட்டர் ஃபால்க் ஒரு குழந்தைப் பாட்டைச் சீட்டியடிக்கத் தொடங்கினார். அந்தச் சீட்டி கொலம்போவின் அடையாளமாகிப்போனது. இசை இல்லாத இடத்தில் நடிகரே இசையைத் தேடிக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

அதே மான்சினியின் இன்னொரு தொடர், 1958இல் தொடங்கிய 'பீட்டர் கன்'. ஜாஸ் இசையைத் துப்பறியும் கதையின் குரலாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே சிறு வரியைக் கிட்டாரும் பியானோவும் அடித்தளத்தில் திரும்பத் திரும்ப வாசிக்க, மேலே ஊதுகருவிகள் சீறிக்கொண்டு வரும். பதிவில் பியானோ வாசித்தவர், பின்னாளில் திரையிசையில் கொடிகட்டிப் பறந்த ஜான் வில்லியம்ஸ். 1959இல் முதன்முதலாகக் கிராமி விருது வழங்கியபோது, ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்ற பரிசு இந்தத் தொடரின் இசைக்குத்தான் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் வந்தன. அவற்றில் ஒரே ஒரு கதையை இந்த மேடையில் எதிரணித் தோழர்கள் யாராவது சொல்லட்டும், காத்திருக்கிறேன். மெட்டை ஒலிக்கவிட்டால் "இதைக் கேட்டிருக்கிறேனே" என்று சொல்ல இந்த அரங்கில் பலர் இருப்பார்கள்.

மோர்ஸுக்குத் திரும்புகிறேன். மனம் அங்கேதான் போகிறது.

டெக்ஸ்டர் எழுதிய மோர்ஸ் நாவல்கள் 13. தொடராக வந்தவை 33. நாவல்கள் தீர்ந்த பிறகும் கேட்க ஆள் இருந்தது. மோர்ஸை முடித்துவிட்டு 2006இல் லூயிஸைத் தனி நாயகனாக்கினார்கள். அதுவும் 33 அத்தியாயங்கள், அதற்கும் ஃபெலங்தான் இசை. பிறகு 2012இல் மோர்ஸின் இளமைக் காலத்தை 'எண்டெவர்' என்ற பெயரில் எடுத்தார்கள், 36 அத்தியாயங்கள். நடிகர் மாறினார், காலம் மாறியது, கதை எழுதுபவர் மாறினார். ஃபெலங்கே 2019இல் காலமாகிவிட்டார். 2023இல் எண்டெவர் நிறைவடைந்தபோதும் அவர் 1987இல் தந்த மெட்டு மாறவில்லை. ஓர் ஓட்டலில் முதலாளி மாறி, சமையல்காரர் மாறி, பெயர்ப்பலகையும் மாறிய பிறகும் கூட்டம் குறையவில்லை என்றால், மாறாமல் இருப்பது எது என்றுதானே பார்ப்போம்?

2000ஆம் ஆண்டு நவம்பர் 15. மோர்ஸின் கடைசி அத்தியாயம். உடல் நலம் கெட்டுப்போன மோர்ஸ், ஆக்ஸ்போர்டின் எக்ஸிடர் கல்லூரியின் புல்வெளியில் நடந்து வருகிறார். கல்லூரித் தேவாலயத்திலிருந்து பாடகர் குழுவின் குரல்கள் வருகின்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இரங்கல் திருப்பலி இசையில் கடைசிப் பாடல். வானவர்கள் உன்னைப் பேரின்ப வீட்டுக்கு அழைத்துச் செல்வார்களாக என்று லத்தீனில் பாடுகிறார்கள். மோர்ஸ் அங்கேயே சரிந்து விழுகிறார். முதல் அத்தியாயத்தில் பாடகர் குழுவில் நின்று பாடியவர், கடைசி அத்தியாயத்தில் பாடகர் குழு பாடக் கேட்டபடி விழுகிறார். அந்தக் காட்சியில் வசனம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் பேசவில்லை. மோர்ஸாக நடித்த ஜான் தா அடுத்த ஒன்றேகால் ஆண்டில், 60 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகமல்ல, அந்தப் பாட்டு.

கடைசியாக ஒன்று. காலின் டெக்ஸ்டர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். காது கேளாமை முற்றியதால் 1966இல் ஆசிரியப் பணியைக் கைவிட நேர்ந்தது. வகுப்பில் பிள்ளைகள் பேசுவது கேட்கவில்லை. ஆக்ஸ்போர்டில் தேர்வுத் துறை வேலைக்குப் போனார். அதன் பிறகுதான் மோர்ஸை எழுதத் தொடங்கினார், முதல் நாவல் 1975இல் வந்தது. செவித்திறன் குறைந்துகொண்டே வந்த ஒருவர், தாம் படைத்த மனிதனுக்கு எதைக் கொடுத்தார்? காரையோ புகழையோ குடும்பத்தையோ அல்ல, இசையைக் கொடுத்தார். மாலையில் கதவைச் சாத்திவிட்டு, கையில் மதுக்கோப்பையோடு வாக்னரைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை எழுதினார். கதையை எழுதியவரே இசையின் பக்கம் நின்றிருக்கிறார், நடுவர் அவர்களே. அவரை எதிரணியின் சாட்சியாக எப்படி ஏற்றுக்கொள்வீர்கள்?

அம்மா இன்று மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்போது அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், மோர்ஸின் 33 அத்தியாயங்களையும் மறுபடி மறுபடி பார்த்துவிட்டார். இருந்தும் எதிரணித் தோழர்கள் போய், எந்த அத்தியாயத்தில் யார் கொலையாளி என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் சொல்ல மாட்டார். நான் வேறொன்று செய்கிறேன். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இந்த மேசையில் தட்டுகிறேன். நெடில், நெடில். நெடில், நெடில், நெடில். குறில், நெடில், குறில்...

பாருங்கள், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நன்றி, வணக்கம்.