ஆயம் வாங்கிய மண்டபமும் நம் வாசிகசாலையும்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, நகரசபையிலிருந்து வந்திருக்கும் அம்மையார் அவர்களே, மண்டப வாடகையைப் பாதியாகக் குறைத்துத் தந்த அன்பர் அவர்களே, மழையென்றும் பாராமல் பாரிஸ் லா சப்பலுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். தலைவர் ஐயாவுக்குப் போன மாதம் மணிவிழா. அதற்கும் இந்த மேடையிலிருந்து ஒரு வாழ்த்து.

மூன்று விஷயம் பேச வந்தேன்: பழைய சுங்கச்சாவடி, அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் லெதூ, நம் வாசிகசாலை.

நான் வந்த புதிதில் ஒரு டிசம்பர் இரவு, லா சப்பலில் இறங்க வேண்டியவன் மெற்றோவில் தூங்கிப்போய் அடுத்த நிறுத்தமான ஸ்தாலின்கிராத்தில் இறங்கிவிட்டேன். நல்ல பனி. எதிரே பெரிய வட்டக் கட்டடம், சுற்றிவரத் தூண்கள். கோயில் என்றே நினைத்தேன். அந்தக் குளிரிலும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டேன். பின்னால் ஒரு சிரிப்பு. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர். "தம்பி, அங்கே சாமி இல்லை. ஆயம் வாங்கின மண்டபம் அது. கும்பிட்டால் அதுக்கும் காசு கேட்பான்!"

அவர் சொன்னது சரி. 1780களில் அரசரின் வரிக் குத்தகைக்காரர்கள் பாரிஸைச் சுற்றிச் சுமார் 24 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி, வாயில்களில் சுங்கச்சாவடிகள் வைத்தார்கள். யோசனை வேதியியல் மேதை லவுவாசியேயுடையது; அவரும் ஒரு குத்தகைக்காரர்தான். உள்ளே வரும் வைனுக்கு வரி. சுவருக்கு வெளியே மலிவு. 'குடி'மக்கள் எங்கே போயிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 1789 ஜூலையில், பஸ்தீல் சிறைக்கோட்டை விழுவதற்கு முன்பே, சாவடிகள் பல எரிந்தன. நம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். இங்கே 1791இல் தவிர்த்த சுங்கம் 1798இல் திரும்பி வந்துவிட்டது!

1860இல் நகரம் விரிந்து சுவர் போனது. சாவடிகளில் சில மட்டும் நின்றன. அவற்றில் ஒன்று நான் கும்பிட்ட அந்த லா வில்லெத் மண்டபம். அதில் காவற்படை தங்கியது, 1921 வரை உப்புக் கிடங்காக இருந்தது, இன்று உணவகம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். தெற்கே தான்பேர் சாவடியைப் பாருங்கள். 1944 ஆகஸ்டில் அதன் அடி நிலவறையிலிருந்துதான் எதிர்ப்புப் படைத் தளபதி ரோல்-தாங்கி ஜெர்மன் படைக்கு எதிரான பாரிஸ் எழுச்சியை நடத்தினார். 2019 முதல் அங்கே விடுதலை அருங்காட்சியகம். மறுபடியும் ஆயிரம் பொன்!

லெதூ சிறைக்கும் போனவர். அதை அப்புறம் சொல்கிறேன். ஊரில் சந்திக்குச் சந்தி வாசிகசாலை வைத்திருந்த நாம், இங்கே நம் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி ஒரு நிலவறையில் ஈரம் பிடிக்க விட்டிருக்கிறோம். அம்மையார் அவர்களே, வரி வாங்கிய கட்டடத்தில் இன்று சாப்பாடு போடுகிறார்கள். பூட்டிக்கிடக்கும் ஏதாவது ஓர் அறையை எங்களுக்குத் திறந்துவிடக் கூடாதா?

தலைவர் மணி அடித்துவிட்டார். லெதூ அடுத்த வருடம். கையெழுத்துத் தாள் தேநீர் மேசையில் இருக்கிறது. வடை எடுக்குமுன் போட்டுவிடுங்கள், போன தடவை தாளெல்லாம் எண்ணெய்.