பிளாஸ்மா சூட்டைக் கூட்டினால் செராமிக் கோட்டிங் நன்றாக ஒட்டுமா?

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் முக்கியமாக ஒன்றுக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது கொஞ்சம் நீளும். ஹட்டன் பக்கம் ஒரு மினி ஹைட்ரோ மின் நிலையத்தில் மெய்ன்டனன்ஸ் பார்க்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, டர்பைன் ஷாஃப்ட்டில் பேக்கிங் (தண்ணீர் கசியாமல் அடைக்கிற கயிறு) உரசுகிற இடத்து ஸ்டெய்ன்லெஸ் ஸ்லீவுக்கு (ஷாஃப்ட்டைச் சுற்றிய உறைக் குழாய்) அலுமினா-டைட்டானியா என்கிற செராமிக்கில் பிளாஸ்மா கோட்டிங் போட்டோம். மூன்று மாதத்தில் உரிந்துவிட்டது. சூடு போதவில்லை, அடுத்த முறை கரண்டைக் கூட்டி அடிக்கிறோம் என்கிறார்கள். சரியா?"

தம்பி, எந்தச் சூடு என்று முதலில் கோட்டிங் போட்டவர்களிடம் கேளுங்கள். பிளாஸ்மா கோட்டிங் என்றால், கன்னில் கரண்டால் வாயுவைச் சூடாக்கிச் சுடராக்கி, அதற்குள் செராமிக் தூளை விட்டு, உருகிய துளிகளைச் சாமானில் அடித்துப் படிய வைப்பது. பிளாஸ்மாச் சுடர் ஒன்று, அதற்குள் பறக்கிற தூள் ஒன்று, கீழே இருக்கிற ஸ்லீவ் ஒன்று. மூன்றுக்கும் வேறு வேறு வெப்பநிலை.

சுடரின் நடுவில் 10,000 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும். அலுமினா உருகுவதற்கு 2,050 பாகை அளவு போதும், அப்படியென்றால் எல்லாமே உருகிவிட வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அந்தத் தூள் சுடருக்குள் இருப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், பல சமயம் அதுகூட இல்லை. தேயிலைத் தொழிற்சாலை ட்ரையரில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். காற்றின் சூட்டை அளவுக்கு மேல் ஏற்றினால் தேயிலை மேலே காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், ஸ்டோரில் கேஸ் ஹாடனிங் என்று திட்டு வாங்குவோமே, அதே கதைதான். தூளில் பெரிய மணிக்கு மேல்தோல் மட்டும் உருகும், நடு கல்லாகவே வந்து விழும். அதற்காகக் கரண்டை ஏற்றினால் சின்ன மணிகள் ஆவியாகிப் போகும், கன்னின் எலக்ட்ரோடும் சீக்கிரம் தேயும். தூளை ஒரே அளவாகச் சலித்து எடுப்பதுதான் இதற்கு முதல் வைத்தியம்.

சுடரின் சூடு குறைந்தால் கோட்டிங்கில் துளை கூடும், உங்கள் ஸ்லீவுக்கு அது ஆகாது, தண்ணீர் உள்ளே இறங்கும். ஆனால் ஜெட் எஞ்சின் பிளேடுக்குப் போடுகிற சிர்கோனியா என்கிற இன்னொரு செராமிக் கோட்டிங்கில் 10, 15 சதவீதம் துளை வேண்டுமென்றே விடுவார்கள், அந்தத் துளையும் சேர்ந்துதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அதனால் இதுதான் சரியான சூடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது.

சரி, இப்போது ஸ்லீவின் சூடு. என் சந்தேகம் முழுக்க இங்கேதான். நான் வெளிநாட்டில் இந்த வேலை செய்த காலத்தில் இதே மாதிரி ஒரு ஸ்லீவ் திரும்பி வந்தது. கோட்டிங் முட்டை ஓடு மாதிரிக் கையோடு வந்தது, திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது, எங்கேயும் கடித்துப் பிடித்த அடையாளமே இல்லை. ப்ளாஸ்ட் பண்ணிய, அதாவது கூரான துகளைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கிய சாமானை இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் சில்லென்று இருந்தபடியே அடித்திருந்தோம். குளிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும், நம் ஊர்ப் பனியில் கேட்கவே வேண்டாம். கொதிக்கிற எண்ணெயில் ஈரக்கரண்டியை விட்ட மாதிரி, உருகிய துளி அந்த ஈரத்தில் பட்டதும் சிதறிப் போகும். இரும்பை 100, 150 பாகைக்குச் சூடாக்கி வைத்தால் அதே துளி வட்டத் தட்டாகப் படிந்து பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் 400 பாகைக்கு ஏற்றலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒரு மீட்டர் ஸ்டெய்ன்லெஸ் 300 பாகை ஆறும்போது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் சுருங்கும், அலுமினா அதில் பாதிதான் சுருங்கும். இரும்பு இழுக்க, செராமிக் வர மறுத்து மேலே எழும்பிவிடும். அதனால்தான் அடிக்கும்போதே பக்கத்தில் காற்றைப் பீய்ச்சிக்கொண்டு, 200 தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். இரும்புக்கும் செராமிக்குக்கும் நடுவில் நிக்கல்-அலுமினியம் மாதிரி ஒரு பொண்ட் கோட் (இரண்டையும் பிடித்து வைக்கிற அடிப்பூச்சு) அடித்தார்களா என்பதையும் கேளுங்கள்.

இன்னொருவர் அலுமினாவில் ஆல்ஃபா, காமா என்றால் என்ன என்று கேட்டிருந்தார். இரண்டும் ஒரே அலுமினாவின் வேறு வேறு படிக வடிவங்கள். தூளாக இருக்கும்போது ஆல்ஃபா, உருகி ஒரு நொடிக்குப் பல இலட்சம் பாகை வேகத்தில் ஆறுவதால் பெரும்பாலும் காமாவாக உறையும், கடினம் கொஞ்சம் குறைவு. 1,000 பாகைக்கு மேல் பாவித்தால் அது திரும்ப ஆல்ஃபாவாக மாறிச் சுருங்கி வெடிக்கும். உங்கள் ஸ்லீவில் ஓடுவது ஆற்றுத் தண்ணீர், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

அதனால் தம்பி, கரண்டைக் கூட்ட இப்போதே சம்மதிக்காதீர்கள். உரிந்த துண்டு ஏதாவது கையில் இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஸ்லீவின் சூடோ ப்ளாஸ்டிங்கோ பிழை. பாதி கோட்டிங் இன்னும் ஸ்லீவில் ஒட்டிக்கொண்டு, நடுவில் பிளந்து வந்திருந்தால் தூள் சரியாக உருகவில்லை, அப்போது அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துண்டை வெயிலில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.