ஆள்மீது பாயும் தடை உத்தரவு

[திரையில்: கப்பல் நிற்கும் துறைமுகம்]

2000 ஆகஸ்ட் மாதம். இத்தாலியின் சிராக்கூசா துறைமுகத்தில் ‘ஃப்ரண்ட் கோமோர்’ என்ற கப்பல் துறைமேடையில் மோதியது. மேடைக்குச் சொந்தமான எண்ணெய் நிறுவனமேதான் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி: தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் லண்டனில் நடுவர் தீர்ப்பு. ஆனால் அந்த நிறுவனத்துக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டாளர்கள் 2003-இல் சிராக்கூசா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கை நடத்தக் கூடாது என்று கப்பல் உரிமையாளர் லண்டன் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்டு வாங்கினார்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். லண்டன் நீதிபதி இத்தாலிய நீதிபதிக்குக் கட்டளை போட முடியுமா? முடியாது. போடுவதும் இல்லை. “நடுவர் ஒப்பந்தம் உன்னைக் கட்டுப்படுத்தும், அந்த வழக்கை நடத்தாதே” என்று வழக்குத் தொடுத்தவரிடம்தான் சொல்கிறார். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு: அபராதம், சொத்து முடக்கம், சிறை வரைக்கும் போகலாம்.

இது தேவையா? தேவை என்றே நினைக்கிறேன். “இந்த வழக்கு இங்கே வரக்கூடாது” என்று சொல்வதற்கே அந்நிய ஊரில் வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தால், நடுவர் ஒப்பந்தம் எதற்கு? ஆனால் தாமதம் கூடாது. வெளிநாட்டு வழக்கு பாதி தூரம் போன பிறகு தடை கேட்டு வந்தால் நீதிமன்றம் கைவிரித்துவிடலாம்.

சரி, கப்பல் வழக்கு என்ன ஆனது? ஓர் உறுப்பு நாட்டில் நடக்கும் வழக்குக்கு இன்னோர் உறுப்பு நாட்டு நீதிமன்றம் இப்படித் தடை போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2009-இல் சொல்லிவிட்டது. தனக்கு அதிகாரம் உண்டா என்பதை அந்தந்த உறுப்பு நாட்டு நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, 2021 முதல் அந்தக் கட்டு லண்டனுக்கு இல்லை.

[திரையில்: லண்டன், பாரிஸ், சென்ட் பீட்டர்ஸ்பர்க்]

அப்புறம் வந்தது யூனிகிரெடிட் வங்கியின் வழக்கு. ஒரு ரஷ்ய நிறுவனத்துக்கு வங்கி கொடுத்திருந்த உத்தரவாதப் பத்திரங்களுக்கு ஆங்கிலச் சட்டம், நடுவர் தீர்ப்பு பாரிஸில். அந்த நிறுவனமோ சென்ட் பீட்டர்ஸ்பர்க் நீதிமன்றத்துக்குப் போனது. பிரெஞ்சு நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட தடை கொடுப்பதில்லை. அதனால் நடுவர் தீர்ப்புக்கான இடம் லண்டனாக இல்லாதபோதும், 2024-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

ஆள்மீதான உத்தரவின் பலவீனமும் அங்கேயே தெரிந்தது. எதிர்த்தரப்பின் ஆளோ சொத்தோ லண்டனுக்கு எட்டவில்லை. மாறாக, வங்கியின் சொத்து ரஷ்யாவில் இருந்தது. லண்டன் தடையை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் 25 கோடி யூரோ அபராதம் என்று ரஷ்ய நீதிமன்றம் வங்கிக்கு உத்தரவிட்டது. கடைசியில், போராடித் தடை வாங்கிய வங்கியே அதை நீக்கச் சொல்லிக் கேட்டது. 2025 பிப்ரவரியில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது.