கணக்கு ஆசிரியரைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் விழாவில் பாட்டுக் கேட்கலாம் என்று வந்து கணக்குப் பாடத்தில் மாட்டிக்கொண்ட இரங்கூன் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

"பிள்ளைகள் கணக்கில் தடுமாறக் காரணம் கற்பிப்பவரா, பாடத்தின் கடினமா?" என்பது தலைப்பு. பாடத்தின் கடினமே என்று வாதாட வந்திருக்கிறேன். நான் ஆசிரியன் அல்லன். நகைக்கடையில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். கணக்கு ஆசிரியர்களிடம் அடி வாங்கியதைத் தவிர அவர்களோடு எனக்கு வேறு உறவு கிடையாது.

எதிரணித் தங்கை அழகாகப் பேசினார். அந்தக் காலத்தில் மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் வேலைக்கு வந்த பையன்கள் மாகாணி, முந்திரி என்ற பழைய பின்னங்களை மனத்திலேயே பெருக்கி வட்டி சொன்னார்களாம். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியைத் தேடுகிறார்களாம். ஆகவே ஆசிரியர் சரியில்லையாம். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பேச்சுக்காக.

முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அதை மனத்தில் வைத்துப் பெருக்குவது பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் தங்கையே, கிட்டங்கிப் பையனுக்கு வருடக்கணக்கில் ஒரே பேரேடு, ஒரே வட்டிக் கணக்கு. தப்பினால் திருத்தப் பக்கத்திலேயே ஆள். எவ்வளவு சொல்லியும் வராத பையனை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடலாம். பள்ளி ஆசிரியர் யாரை எந்தக் கப்பலில் ஏற்றுவார்? எதிரில் ஐம்பது பிள்ளைகள். அத்தனை பேரையும் அவர்தான் கரைசேர்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கழித்தலைப் பாருங்கள். 52-இல் 38 போனால் 14. ஒரு பிள்ளை 26 என்று எழுதுகிறது, இன்னொன்று 24 என்கிறது. நமக்கு இரண்டும் தப்பு, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டால் வேலை முடிந்தது. ஆசிரியருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. முதல் பிள்ளை, 2-இல் 8 போகாது என்றதும் தலைகீழாக 8-இல் 2-ஐக் கழித்துவிட்டது. இரண்டாவது பிள்ளை முறையாகப் பத்தைக் கடன் வாங்கியது, ஆனால் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்தது. கடன் வாங்கியதை மறப்பது இந்த அவையில் பலருக்குப் பழக்கமான காரியம், அதை விடுங்கள். முதல் பிள்ளைக்கு இடமதிப்பே விளங்கவில்லை. இரண்டாவதற்கு விளங்கிவிட்டது, கை மட்டும் தவறியது. காய்ச்சல் இருவருக்கும்தான், ஒருவருக்கு மலேரியா, மற்றவருக்குச் சளி. ஒரே மருந்தைக் கொடுக்க முடியுமா?

பின்னத்துக்கு வாருங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. பிள்ளை மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்கிறது. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா?" என்று சயாமா, அதாவது ஆசிரியை, மடக்குகிறார். நல்ல கேள்விதான். உடனே பந்தாட்டப் பைத்தியம் ஒன்று எழுந்து கேட்கிறது: "நேற்று இரண்டு பெனால்டி அடித்தேன், ஒன்று கோல். இன்று மூன்று அடித்தேன், ஒன்று கோல். மொத்தம் ஐந்தில் இரண்டுதானே, சயாமா?"

ஐயா, அந்தப் பிள்ளை சொன்னது உண்மை! பெனால்டிக் கணக்கில் ஐந்தில் இரண்டுதான். அங்கே ஒவ்வொரு நாளும் முழுமை மாறுகிறது, நேற்று இரண்டு அடி, இன்று மூன்று அடி; பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றேதான். இந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கு நின்ற நிலையில், மற்ற பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே சொல்லியாக வேண்டும். நான் நாள் முழுதும் பின்னத்தோடு புழங்குகிறவன். என்னை அந்த இடத்தில் நிறுத்தினால் "உட்காரடா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. பாடம் தெரிந்திருப்பது வேறு, அது பிள்ளையின் மனத்தில் எங்கே சிக்கும் என்று தெரிந்திருப்பது வேறு. இந்த இரண்டாவது அறிவை ஆசிரியருக்கே உரிய தனி அறிவாகக் கொண்டு 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதினார். கிட்டங்கி மேலாளுக்கு அது தேவைப்படவில்லை.

இது எல்லா நாட்டுக்கும் பொது. பர்மாத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையும் இருக்கிறது. வீட்டில் தமிழில் எண்ணுகிறது. பள்ளியில் பர்மிய மொழி, தொடக்க வகுப்புப் புத்தகத்தில் பர்மிய எண்கள். மேல் வகுப்புக்குப் போனால் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. சந்தைக்குப் போனால் வெங்காயம் வீசையில். ஒரு வீசை 100 கியாட் எடை, ஏறக்குறைய 1.63 கிலோ. என் கடைக்கு வந்தால் ஒரு கியாட் பொன்னுக்கு 16 பே, ஒரு பேக்கு 8 யுவே. நூறிலும் பதினாறிலும் எட்டிலும் வாழ்கிற பிள்ளைக்கு, பத்துப் பத்தாக நகரும் தசமத்தைச் சயாமா புகட்ட வேண்டும். வீட்டில் நாமாவது உதவுகிறோமா? "எனக்கும் சின்ன வயதிலிருந்தே கணக்கு வராது" என்று பிள்ளையின் எதிரிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டு, டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறோம். தமிழ் படிக்கத் தெரியாது என்று இப்படிப் பெருமையாகச் சொல்வோமா?

கடைசியாகக் குறை எண்கள், அதாவது சுழிக்குக் கீழே போகும் எண்கள். அவற்றுக்கு நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே விதி எழுதிவிட்டார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1758-இல், பிரான்சிஸ் மாசரெஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் குறை எண்களை எதிர்த்துப் புத்தகமே போட்டார். அறிஞர்கள் இத்தனை நூற்றாண்டு மல்லுக்கட்டிய இடத்தை நம் ஆசிரியர் ஒரே பாடவேளையில் தாண்டவேண்டும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் எனக்கு ஓர் உதவி செய்யட்டும். முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று, "அது விதி, மனப்பாடம் செய்" என்று சொல்லாமல், அவர்களுக்கு விளக்கட்டும். நடுவர் மணி அடிக்கும் முன் அந்தப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டால், என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் அணிக்கே போய்விடுகிறேன். நன்றி, வணக்கம்.